நடுச்செவியில் விழும் தழும்பு

ஆலய மணியோசையும் தேவாரப் பண்ணும் நம் உள்ளத்தைச் சென்றடையச் செவியே வாயில். திருவள்ளுவரும் கேள்விக்கெனத் தனி அதிகாரமே வகுத்தார். அத்தகைய செவியில் மெல்ல மெல்ல ஏற்படும் ஒரு குறையைப் பற்றி அன்பர்கள் அறிந்திருப்பது நலம்.

நடுச்செவியின் அமைப்பு

செவிப்பறைக்குப் பின்னால் காற்று நிறைந்த சிறிய அறை ஒன்று உள்ளது. அதுவே நடுச்செவி. சுத்தி, பட்டடை, அங்கவடி என்னும் மூன்று சிற்றெலும்புகள் அங்கே சங்கிலி போல் இணைந்துள்ளன. அங்கவடியே நம் உடலின் மிகச் சிறிய எலும்பு. ஏறத்தாழ 3 மில்லிமீட்டர்தான். செவிப்பறையின் அதிர்வை இவை உட்செவிக்குக் கொண்டு செல்கின்றன. மூக்கின் பின்புறத்திலிருந்து வரும் ஊஸ்டேஷியன் குழாய் இவ்வறைக்குக் காற்றை அளிக்கிறது.

தழும்பு எதனால் உண்டாகிறது?

சிறுவர்களுக்கு இக்குழாய் குட்டையாகவும் கிடையாகவும் இருப்பதால், சளி பிடித்தால் எளிதில் அடைபடுகிறது. உள்ளே நீர் தேங்குகிறது; கிருமி சேர்ந்தால் சீழ் பிடிக்கிறது. இது அடிக்கடி நேர்ந்தால், புண் ஆறிய தோலில் தழும்பு விழுவது போல, செவிப்பறையிலும் எலும்புகளைச் சுற்றியும் தழும்பு விழுகிறது. நாளடைவில் அதில் சுண்ணாம்புச் சத்து படிந்து வெண்மையாக இறுகுகிறது. இதனை மருத்துவர்கள் டிம்பனோஸ்கிளிரோசிஸ் என்பர்.

தேங்கிய நீரை வெளியேற்றக் குரோமெட் என்னும் சிறு குழாய் வைக்கப்பட்ட செவிப்பறையிலும் வெண்திட்டு தோன்றுவதுண்டு. அதனால் பெரும்பாலும் கேட்கும் திறன் கெடுவதில்லை. அதற்கு அஞ்சி அச்சிகிச்சையை மறுக்க வேண்டியதில்லை.

சிகிச்சை முறைகள்

தழும்பு செவிப்பறையோடு நின்றுவிட்டால் பெரும்பாலும் சிகிச்சை தேவைப்படாது. எலும்புகளைப் பற்றிக்கொண்டால்தான் அவை அசைய இயலாமல் ஒலி மந்தமாகிறது. செவிச் சோதனையின் மூலம் குறையின் அளவை அறியலாம்.

விழுந்த தழும்பைக் கரைக்கும் மருந்தோ சொட்டு மருந்தோ இல்லை. காது கேட்கும் கருவி பலருக்கு நல்ல பலன் தருகிறது. அறுவை சிகிச்சையில் தழும்பை நீக்கி, செவிப்பறையின் ஓட்டையை அடைத்து, இறுகிய எலும்பை விடுவிப்பர் அல்லது செயற்கை எலும்பு பொருத்துவர். அங்கவடியே இறுகிவிட்டால் உட்செவிக்கும் ஆபத்து நேரலாம். மீண்டும் இறுகவும் கூடும். ஆகவே நிபுணரிடம் நன்மை தீமைகளைக் கேட்டறிந்தே முடிவு செய்ய வேண்டும்.

நாம் செய்யக்கூடியவை

காதில் சீழ் வடிந்தால் நல்லெண்ணெய் காய்ச்சி ஊற்றும் பழக்கத்தை விட்டுவிடுங்கள். பஞ்சுக்குச்சியால் குடையாதீர்கள். மருத்துவர் தந்த மருந்தை, வலி நின்றதும் நிறுத்தாமல், சொன்ன நாள்வரை கொடுங்கள். செவிப்பறையில் ஓட்டை இருந்தால் குளிக்கும்போது நீர் புகாமல் காத்துக்கொள்ளுங்கள். குழந்தை இருக்கும் வீட்டில் புகை பிடிக்காதீர்கள்; சிகரெட் புகையும் காது நோய்க்கு ஒரு காரணமாகும். தாய்ப்பாலும் நியூமோகாக்கல் தடுப்பூசியும் இந்நோயை ஓரளவு தடுக்கும்.

கூப்பிட்டால் திரும்பாத பிள்ளையை "சொன்ன பேச்சைக் கேட்பதில்லை" என்று கடிந்துகொள்கிறோம். வகுப்பில் பின்தங்கினால் சோம்பேறி என்கிறோம். அப்பிள்ளைக்கு உண்மையிலேயே கேட்காமல் இருக்கலாம். தண்டிக்கும் முன் ஒருமுறை செவியைச் சோதித்துப் பாருங்கள். காலத்தில் கண்டுகொண்டால் ஒரு பிள்ளையின் கல்வியையே காத்தவர்கள் ஆவோம். அதுவும் இறைபணியே.