பெடல் இல்லாத சைக்கிள்கார்

'சைக்கிள்கார்' என்றதும் நம் மனம் பெடலைத் தேட ஆரம்பித்துவிடுகிறது. மூச்சு வாங்க ஒருவர் மிதிக்க, பின்னால் ஒரு குட்டி மோட்டார் முக்கி முனகும் காட்சி. நானும் வெகுகாலம் அப்படித்தான் நினைத்திருந்தேன். பெயர் செய்த குழப்பம் அது. இங்கே சைக்கிள் என்பது மோட்டார் சைக்கிள். அதன் இன்ஜின், சங்கிலி, பெல்ட்டை வைத்துக் கட்டிய நான்கு சக்கரக் கார் இது. மூன்று சக்கரத்திலும் உண்டு. பெடல் மட்டும் கிடையாது. 1912 இறுதியில் பாரிஸில் கூடிய மோட்டார் சைக்கிள் சங்கங்கள் இதற்கு வரம்பே போட்டன: எடை 350 கிலோவுக்குள், இன்ஜின் 1100 சிசிக்குள்.

ஒரு கம்பெனியை எடுத்துக்கொண்டு உள்ளே பார்ப்போம். காட்ஃப்ரே, ஃப்ரேஸர் நாஷ் என்ற இரண்டு இளம் பொறியாளர்கள் 1910இல் லண்டனின் ஹெண்டன் பகுதியில் தொடங்கியது. காட்ஃப்ரேயின் ஜி, நாஷின் என் இரண்டும் சேர்ந்து, ஜி.என்.

முதல் கார்களில் சட்டம் மரம். ஸ்டீயரிங் தண்டின் அடியில் நூற்கண்டு போல ஓர் உருளை. அதில் சுற்றிய கம்பிவடம் முன் சக்கரங்களை இழுத்துத் திருப்பும். கிணற்று ராட்டினத்தில் கயிறு இழுத்தவர்களுக்கு இதற்குமேல் விளக்கம் வேண்டாம்.

கியர்தான் ரசமான இடம். சாதாரணக் காரில் எண்ணெய்க்குள் முழுகிய பல்சக்கரப் பெட்டி இருக்கும். ஜி.என்.னில் பெட்டியே இல்லை. ஒவ்வொரு வேகத்துக்கும் தனித்தனிச் சங்கிலி. எல்லாம் எப்போதும் சுற்றிக்கொண்டிருக்கும். நமக்கு வேண்டிய சங்கிலியை மட்டும் தண்டோடு பூட்ட வேண்டும். அந்தப் பூட்டின் பெயர் 'டாக் கிளட்ச்'. இரு கை விரல்களையும் கோத்துப் பாருங்கள், அவ்வளவுதான் அது.

இன்னொன்று. வளைவில் வெளிச்சக்கரம் உள்சக்கரத்தைவிட அதிக தூரம் ஓட வேண்டும். அந்தக் கணக்கைச் சரிசெய்யக் கார்களில் டிஃபரன்ஷியல் என்ற பல்சக்கரக் கூட்டம் உண்டு. ஜி.என்.னில் அதுவும் இல்லை. ஆரம்பத்தில் பின்சக்கரங்களைச் சுழற்றியது பெல்ட். அது கொஞ்சம் வழுக்கிக்கொடுத்தே வேலையை முடித்தது. முதல் உலகப் போருக்குப் பின் அங்கும் சங்கிலி வந்தது. சங்கிலி வழுக்காதே? பின்சக்கரங்களை நெருக்கி வைத்துச் சமாளித்தார்கள். மலிவுக்காகச் செய்ததுதான், ஆனால் முட்டாள்தனமில்லை. எடை குறைந்த வண்டி பந்தயத்தில் பறந்தது.

போர் முடிந்ததும் கார் கேட்டு ஜனம் அலைமோத, தொழிற்சாலை லண்டனின் வாண்ட்ஸ்வொர்த்துக்கு மாறியது. பிரான்ஸில் சால்ம்சன் கம்பெனி உரிமம் வாங்கி இதே காரைச் செய்தது. அப்புறம் 1922இல் ஆஸ்டின் செவன் வந்தது: நான்கு சிலிண்டர், நான்கு சக்கரத்திலும் பிரேக். அளவில் குட்டி, ஆனால் முழுக் கார். இனி சைக்கிள்காரை வாங்க யார் வருவார்கள்? சில ஆண்டுகளில் சைக்கிள்கார் கம்பெனிகள் ஒவ்வொன்றாக மூடப்பட்டன.

சங்கிலி மட்டும் விடவில்லை. ஜி.என்.னை விட்டு விலகிய ஃப்ரேஸர் நாஷின் பெயரில் வந்த கார்களில் 1930களிலும் அதே சங்கிலிகள்தான் ஓடின.