இணங்காதவரும் நாடற்றவரும்

ஆங்கிலத்தில் ‘நான்கன்பார்மிஸ்ட்’ என்னுஞ் சொல், 1662ஆம் ஆண்டின் வழிபாட்டு ஒருமைச் சட்டத்துக்கு இணங்க மறுத்த கிறித்தவரைக் குறித்து நிலைபெற்றது. மறுத்தல் அவர்தம் விருப்பம்.

சபரகமுவத் தோட்டங்களில் நிகழ்ந்ததோ வேறு. இரத்தினபுரி, கேகாலை மலைச்சரிவுகளில் தேயிலையும் இறப்பரும் வளர்த்த தமிழர், ‘லைன்’ என்பதை லயமென்றும் ‘பரேட்’ என்பதைப் பெரட்டென்றும் வழங்கினர். வரிசையாய் அமைந்த அறைகளில் வாழ்ந்து, விடியலில் பெரட்டுக்கு அணிவகுத்த இவர்களினும் ஒழுங்குக்கு இணங்கியவர் யாவர்? ஆயினும், 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கக் குடியுரிமைச் சட்டம் தோட்டத் தமிழருட் பெரும்பாலோரை நாடற்றவராக்கிற்று. அதன்பின் எஞ்சிய நாடற்றோர்க்கு 2003ஆம் ஆண்டின் 35ஆம் இலக்கச் சட்டம் குடியுரிமை வழங்கிற்று.

இணங்காமை தாமே தேர்ந்த நிலை. நாடின்மை பிறர் விதித்த நிலை. இரண்டையும் ‘வேறுபாடு’ என்னும் ஒரே சொல்லால் வழங்குதல் பொருந்தாது.