பென்ஷன்தாரரும் குடும்பப் பயிர்த்தொழிலும்

சர்க்கார் உத்தியோகத்தினின்று ஓய்வு பெற்ற கணவர், மனைவியின் பெயரிலுள்ள நிலத்தின் சாகுபடியில் துணை நிற்பது கிராமங்களில் பரவலாகக் காணப்படுகிறது. நாற்றங்கால் பார்த்தல், மடை திருப்புதல், கூலிக் கணக்கெழுதுதல் முதலியன அவர் பொறுப்பாகின்றன. இவ்வுழைப்பினால் பென்ஷன் குறைந்துவிடுமோ என்று சிலர் ஐயுறுகின்றனர். அவ்வையம் வேண்டுவதில்லை. வயது நிரம்பி ஓய்வு பெற்றவரின் பென்ஷன், முன்னர்ச் செய்த ஊழியத்திற்காக அளிக்கப்படுவது. குடும்ப நிலத்தில் பாடுபடுவதால் அது குறையாது.

ஆயினும், அப்பென்ஷன் மனைவி பெறும் உதவித்தொகையைத் தடுக்கக்கூடும் என்பதைப் பலர் அறியார். பி.எம். கிசான் திட்டத்தில், 2018 டிசம்பர் முதல், நிலமுடைய விவசாயக் குடும்பத்திற்கு ஆண்டொன்றுக்கு ரூ. 6,000 மூன்று தவணைகளில் அளிக்க விதிக்கப்பட்டது. இங்கே குடும்பம் என்பது கணவன், மனைவி, வயது வராத மக்கள் ஆகியோரைக் குறிக்கும். இவர்களுள் ஒருவர் மாதம் ரூ. 10,000 அல்லது அதற்கு மேற்பட்ட பென்ஷன் பெறுவாராயின், அக்குடும்பத்திற்கு இத்தொகை இல்லை. கடைநிலை ஊழியராயிருந்து ஓய்வு பெற்றோருக்கு மட்டும் இவ்விலக்கு பொருந்தாது. முந்தின ஆண்டில் வருமான வரி செலுத்தியவர் இருப்பினும் தகுதி இல்லை.

உதாரணமாக, 2 ஏக்கர் நஞ்சைக்குப் பட்டாதாரரான ஒரு பெண்ணின் கணவர், எழுத்தராயிருந்து ஓய்வு பெற்று மாதம் ரூ. 22,000 பெறுகிறார் என்று கொள்வோம். பட்டா தம் பெயரில் இருப்பதால் தமக்குத் தகுதியுண்டென்று அப்பெண் எண்ணக்கூடும், அது தவறு. கணவர் வயலில் இறங்காவிடினும் முடிவு இதுவே. மூன்றாண்டுகள் தொகை பெற்றிருப்பின், ரூ. 18,000 ஒருங்கே திருப்பிச் செலுத்த நேரும். ஆதலின், கணவர் ஓய்வு பெற்றவுடன் வட்டார வேளாண்மை அலுவலகத்தில் உண்மையைத் தெரிவித்துவிடுதல் நன்று.

கறவை மாடு வைத்திருப்போர் மற்றொன்றும் அறிதல் வேண்டும். நெல், கரும்பு முதலிய விளைபொருள் வருமானத்திற்கு வருமான வரி விலக்குண்டு. பால் விற்ற பணத்திற்கு அவ்விலக்கில்லை. ஆகவே இரண்டிற்கும் தனித்தனிக் கணக்கு வைத்தல் வேண்டும்.

அறுவடை அவசரத்தில், ஆண்டுதோறும் அளிக்கவேண்டிய உயிர்வாழ்ச் சான்றினை மறத்தலாகாது. மறப்பின் பென்ஷன் நிறுத்தி வைக்கப்படும். குடும்பப் பென்ஷனுக்கு மனைவியின் பெயர் பிழையின்றிப் பதிவாகியுள்ளதா என்பதையும் இருவரும் சேர்ந்து பார்த்துக்கொள்க. கணவர் காலத்திற்குப் பின் அந்நிலத்தையும் குடும்பத்தையும் தாங்கி நிற்க வேண்டியவர் அவரேயன்றோ!