வெல்லத்தில் வெள்ளையைத் தேடாதீர்கள்

திண்டுக்கல் மாவட்டத்தில் வெல்லம் என்றதும் வாயில் வரும் ஊர் நெய்க்காரப்பட்டி. பழநியை அடுத்த இந்த வட்டாரத்தில் பொங்கல் நெருங்கிவிட்டால் ஆலைக் கொட்டகை அடுப்புகளுக்கு ஓய்வில்லை. காய்ச்சிய வெல்லம் 30 கிலோ சிப்பங்களாக மண்டிக்குப் போகிறது. அங்கே விலை பேசுவது நிறம். வெளுத்த வெல்லத்துக்குக் கிராக்கி. கறுத்தது என்றால் விலையைக் குறைத்துத்தான் கேட்பார்கள்.

கரும்பின் இனிப்பு இலையில் உண்டாகித் தண்டில் சேர்கிறது. அடிப்பகுதி முதலில் முற்றுவதால் அடிக்கரும்பு இனிக்கும், நுனி சப்பென்றிருக்கும். இன்று வயலில் நிற்பவை பெரும்பாலும் கோவை ரகங்கள். 1912-ல் கோவையில் தொடங்கிய கரும்பு இனப்பெருக்க நிலையத்தில் விஞ்ஞானிகள் பார்பரும் டி.எஸ்.வெங்கட்ராமனும் தடித்த இனிப்புக் கரும்பைக் காட்டு நாணலோடு கலந்து உருவாக்கிய கோ 205, 1918-ல் வெளிவந்தது. தமிழகத்தில் இப்போது பரவலாக இருப்பது கோ 86032.

வெட்டிய கரும்பை ஓரிரு நாளுக்குள் ஆட்டிவிட வேண்டும். தாமதித்தால் இனிப்பு இறங்கும். சாற்றைக் கொப்பரையில் ஊற்றி, காய்ந்த சக்கையையே விறகாக எரிக்கிறார்கள். சாறு இயல்பிலேயே லேசான புளிப்புள்ளது. அதைச் சுண்ணாம்பு சரிக்கட்டாவிட்டால் வெல்லம் கட்டியாகாமல் இளகும். பொங்கி வரும் அழுக்கை அள்ளி அள்ளி வெளியே கொட்டுவார்கள். பாகில் துளி எடுத்துத் தண்ணீரில் விட்டு, விரலால் உருட்டிப் பதம் பார்ப்பார் காய்ச்சுபவர். உருண்டு நின்றால் அடுத்தது மரத்தொட்டி. அங்கே ஆறும்போது உருட்டினால் வெல்லம், தேய்த்து உதிர்த்தால் நாட்டுச் சர்க்கரை. 100 கிலோ கரும்புக்கு ஏறத்தாழ 10 கிலோ வெல்லம் தேறும்.

இப்படிக் காய்ச்சினால் வரும் நிறம் பழுப்பு. அதை வெளுக்கத்தான் 'ஹைட்ரோஸ்' எனப்படும் சோடியம் ஹைட்ரோசல்ஃபைட். அளவு மீறினால் கந்தகம் வெல்லத்தில் தங்கிவிடும். அந்த வெளுப்பும் நிலைக்காது. காற்றுப்பட்டு நாளாக ஆக நிறம் மங்கும். வெள்ளைச் சீனியைக் கரைத்துக் கலப்பவர்களும் உண்டு. பொங்கல் சமயத்தில் உணவுப் பாதுகாப்புத் துறை சோதனைக்குக் கிளம்புவது இதற்காகத்தான்.

2019-ல் புவிசார் குறியீடு பெற்ற பழநிப் பஞ்சாமிர்தத்தைப் பாருங்கள். மலைவாழையும் நாட்டுச் சர்க்கரையும் சேர்ந்த அதன் கருநிறத்தை எந்தப் பக்தரும் குறை சொன்னதில்லை. ஆனால் கடையில் வெல்லம் வாங்கும்போது மட்டும் வெளுப்பைக் கேட்கிறோம்.

நாம் கேட்பதைத்தான் மண்டி கேட்கிறது. மண்டி கேட்பதைத்தான் ஆலைக்காரர் காய்ச்சுகிறார். இந்தப் பொங்கலுக்குக் கறுத்த வெல்லமாகப் பார்த்துக் கேட்டு வாங்குங்கள்.