பாட்டு நல்லாயிருக்கு... ஆனால்?

பொங்கல் என்றால் சூரியனுக்கு நன்றி சொல்லும் நாள். நாங்கள் இருக்கும் ஊரிலோ பொங்கலன்று சூரியனே இல்லை! நோர்வேயின் வடகோடியில், பின்மார்க் கரையோரத்தில் உள்ள ஒரு சிறிய மீன்பிடி ஊர் எங்களுடையது. நவம்பர் கடைசியில் மறையும் சூரியன் ஜனவரி 20ஆம் திகதி அளவில்தான் மறுபடி தலை காட்டும். நடுப்பகலில் கொஞ்ச நேரம் நீல வெளிச்சம் வரும், அவ்வளவுதான். 1980களில் எங்கள் ஆட்கள் இந்தப் பக்கத்து மீன் தொழிற்சாலைகளுக்கு வரத் தொடங்கினார்கள். அவர்களில் பலர் பிறகு ஒஸ்லோவுக்குப் போய்விட்டார்கள். மிஞ்சியவர்களும் பின்னால் வந்து சேர்ந்த எங்களைப் போன்றவர்களுமாகச் சில குடும்பங்கள் இங்கே இருக்கிறோம்.

இந்த இருட்டு மாதங்கள் புதிதாக வருபவர்களைப் படுத்தும் பாடு சொல்லி மாளாது. நித்திரையும் வராது, விழிப்பும் வராது. அப்படியான ஒரு இருட்டில்தான், 2022 டிசம்பரில், சாப்பாட்டு இடைவேளையின்போது ஒருவர் சொன்னார்: “பொங்கலுக்கு ஒவ்வொரு முறையும் சினிமாப் பாட்டைத்தானே பாடுறம். இந்த முறை ஆளுக்கொரு பாட்டுக் கட்டிக்கொண்டு வருவம். போட்டி வைப்பம்.”

ஏழு பேர் சேர்ந்தோம். சங்கீதம் படித்தவர் ஒருவரும் இல்லை. ஓ.எல். பரீட்சையோடு புத்தகத்தை மூடியவர்கள்தான் அதிகம். ஒருவரிடம் பழைய கீபோர்ட், இன்னொருவரிடம் கோவில் பஜனையில் தட்டிய அனுபவம், மற்றவர்களிடம் தொண்டை மட்டும். ஆனாலும் பாட்டுக் கட்டினோம். மீனில் முள் எடுக்கும் வரிசையில் நிற்கும்போது காதில் இரைச்சல் தடுக்கும் மூடி போட்டிருப்போம். அதற்குள் நாங்கள் முணுமுணுப்பது பக்கத்தில் நிற்பவருக்குக் கேட்காது. ஓடும் பட்டியின் கடகட சத்தமே தாளம். அந்த ஆண்டு வந்த ஏழு பாட்டுகளில் நான்கு ஒரே வேகத்தில் இருந்ததற்குக் காரணம் அதுதான் என்று பிற்பாடுதான் கண்டுபிடித்தோம்!

புள்ளி போடும் முறையை யூரோவிஷனில் இருந்து எடுத்தோம். அங்கே ஒரு நாடு தன் பாட்டுக்குத் தானே புள்ளி போட முடியாது. அதே போல் இங்கே ஒவ்வொருவரும் மற்ற ஆறு பேருக்கு மட்டும் புள்ளி போடவேண்டும், கூடவே ஒரு வரி அபிப்பிராயமும் எழுதவேண்டும். புள்ளியில் சிக்கல் வரவில்லை. அந்த ஒரு வரியில்தான் வந்தது.

ஆறு பேர் எழுதிக் கொடுத்த தாள்களைப் பார்த்தால் பெரும்பாலும் ஒரே சொல்: “நல்லாயிருக்கு”. சிலர் “மிக நல்லாயிருக்கு”. ஒருவர் மட்டும் மனதில் பட்டதை எழுதினார், எழுதியதோடு நில்லாமல் சபையில் வாசித்தும் காட்டினார். ஒரு தம்பியின் பாட்டைப் பற்றி, “இது சொந்த மெட்டில்லை, இன்ன படத்தில் வந்த பாட்டு, வேகத்தைக் குறைச்சு வைச்சிருக்கிறார்” என்றார். மண்டபம் சிரித்தது. நாங்களும் சிரித்தோம். அந்தச் சிரிப்பை இன்று நினைத்தால் வெட்கமாக இருக்கிறது.

சொன்னது பொய்யில்லை. மெட்டின் முதல் இரண்டு வரி அந்தப் படப்பாட்டின் சாயல்தான். ஆனால் தம்பி வேண்டுமென்று திருடவில்லை. சின்ன வயதில் தேநீர்க் கடை வானொலியில் கேட்ட ஒன்று அடிமனதில் கிடந்து, முப்பது வயதில் தன்னுடையதுபோல வெளியே வருவது யாருக்கும் நடக்கும். அதைத் தனியே கூப்பிட்டு, “இந்த இரண்டு வரி எங்கேயோ கேட்டமாதிரி இருக்கு, மூன்றாம் வரியில் இருந்து உன்ரை சொந்தம், அதிலிருந்து தொடங்கிப் பார்” என்று சொல்லியிருந்தால் அவருக்கு ஒரு பாட்டு மிஞ்சியிருக்கும். உண்மையில் அந்த மூன்றாம் வரி அன்றைய ஏழு பாட்டுகளிலும் சிறந்த வரி. அதை அவரிடம் ஒருவரும் சொல்லவில்லை. வேலைக்கு வருகிறார், கதைக்கிறார், ஆனால் அதற்குப் பிறகு அவர் பாட்டுக் கட்டவில்லை.

திருவிளையாடல் படம் (1965) பார்க்காதவர் எங்களில் இல்லை. சிவனையே எதிர்த்துக் குற்றம் சொன்ன நக்கீரரின் துணிச்சலைக் கைதட்டி ரசித்தோம். நாகேஷ் நடித்த தருமியைப் பார்த்துச் சிரித்தோம். நடுச்சபையில் பதில் சொல்லத் தெரியாமல் நின்ற அந்த ஏழைப் புலவனின் வயிறு எப்படிக் கலங்கியிருக்கும் என்று யோசித்தது கிடையாது. இப்போது யோசிக்கிறோம்.

அந்தப் பொங்கலுக்குப் பிறகு ஒரு நாள் எங்கள் நோர்வேஜிய மேற்பார்வையாளரிடம் இந்தக் கதையைச் சொன்னபோது அவர் தங்கள் நாட்டுக் கதை ஒன்றைச் சொன்னார். 1978இல் பாரிஸில் நடந்த யூரோவிஷனில் நோர்வேக்காக யான் தைகென் என்பவர் பாடினார். கிடைத்த புள்ளி 0. ஒரு நாடுகூட ஒரு புள்ளி போடவில்லை. வெட்கப்பட்டு ஒளிந்துவிடுவார் என்று பார்த்தால், அந்தப் பூச்சியப் பாட்டு நோர்வேக்குள் பெரிய வெற்றி பெற்றது, அவரும் சனங்களின் செல்லப்பிள்ளை ஆகிவிட்டார். 1982இலும் 1983இலும் மறுபடி அவரையே அனுப்பினார்கள். 1983இல் ஒன்பதாம் இடம் வந்தார். நடுவில் 1981இல் நோர்வேக்கு இன்னொரு பூச்சியமும் விழுந்தது. பிறகு 1985இல் முதன்முறையாக வென்றார்கள். மேற்பார்வையாளர் இதை மீன் பெட்டியில் சாய்ந்துகொண்டு சிரித்துச் சிரித்துச் சொன்னார். பூச்சியம் வாங்கியவனையும் தோளில் தூக்கும் ஊரில் இருந்துகொண்டு, எங்கள் தம்பியை நாங்கள் சுவரோரம் உட்கார வைத்துவிட்டோமே என்று எங்களுக்குச் சுட்டது.

ஆகவே 2024 பொங்கலுக்கு முறையை மாற்றினோம். விழாவுக்கு மூன்று கிழமை முன்பே ஒரு வீட்டில் கூடி எல்லாப் பாட்டையும் கேட்பது. சபையில் புள்ளி மட்டும். கதைப்பதெல்லாம் முன்கூட்டி, குசினியில், தேநீரோடு. களிமண் ஈரமாக இருக்கும்போதுதானே சட்டியின் வாயைத் திருத்தலாம், சூளையில் வைத்த பிறகு என்ன செய்வது?

கூடிக் கேட்டதில் சில விஷயங்கள் எல்லோருக்கும் பொதுவாகத் தெரியவந்தன. ஒன்றைச் சொல்கிறோம். நாங்கள் பாட்டுக் கட்டுவது இரவில். பிள்ளைகள் நித்திரை, சுவருக்கு அப்பால் நோர்வேஜியக் கிழவி. ஆகவே தாழ்ந்த குரலில் முனகி முனகி மெட்டுப் போடுகிறோம். குசினி மேசையில் அது அழகாக இருக்கும். மண்டபத்தில் ஒலிவாங்கி முன்னே நின்றால் அடிச்சுரங்கள் காற்றாகப் போய்விடும், சொல் ஒன்றும் கேட்காது. பாடுபவர் தன் குரல் சரியில்லை என்று நினைத்துக் கலங்குவார். குரலில் பிழையில்லை, சுருதியில்தான் பிழை. கீபோர்ட்டில் ட்ரான்ஸ்போஸ் என்றொரு பொத்தான் உண்டு. இரண்டு மூன்று படி ஏற்றிவிட்டால் அதே மெட்டு நிமிர்ந்து நிற்கும். இதைச் சொன்னதும் ஒரு அண்ணர், “இவ்வளவு காலமும் என்ரை தொண்டையை ஏசிக்கொண்டிருந்தன்” என்றார்.

ஆனால் அந்த இரவு எங்களைச் சோதித்தது வேறொரு பாட்டு.

எங்களோடு வேலை செய்யும் ஒருவரின் தாயார் 2021இல் ஊரில் காலமானார். அவருக்கு அப்போது வழக்கு முடியவில்லை, வதிவிட அனுமதி இல்லை. செத்தவீட்டைக் கைத்தொலைபேசியில்தான் பார்த்தார், அதுவும் நடுவில் தொடர்பு அறுந்து போனது. அதைப் பற்றித்தான் பாட்டு. பல்லவியில் “அம்மா உன் கடைசி முகம் காணேனே” என்று வருகிறது. அவர் பாடி முடித்தபோது வீட்டில் ஒரு சத்தம் இல்லை. ஒவ்வொருவராக, “நல்லாயிருக்கு”, “நல்லாயிருக்கு தம்பி” என்றோம்.

ஆனால் எல்லோரும் ஒன்றைக் கேட்டிருந்தோம். மெட்டு ‘கடைசி’ என்ற சொல்லின் நடுவே நீண்டு நின்றது. ‘கடை...’ என்று இழுத்து, மூச்சு எடுத்து, அடுத்த சுரத்தில் ‘சி’யையும் நீட்டினார். காதில் விழுந்தது: “அம்மா உன் கடை... சீ முகம்”. மூன்றும் குறுகி ஒலிக்கும் எழுத்துகள். நீளும் சுரத்தில் வைத்தால் சொல் உடைந்து வேறு சொல்லாகிவிடுகிறது. வாசலில் நின்ற பத்து வயதுப் பிள்ளை ஒன்று “கடையா?” என்று தாயிடம் கேட்டதையும் கேட்டோம்.

என்ன செய்வது? அப்படிப்பட்ட பாட்டில் போய் எழுத்துப்பிழை பிடிப்பதா? பிடிக்காவிட்டால் விழாவன்று நாற்பது பிள்ளைகள் முன்வரிசையில் இருப்பார்கள். அவர்கள் சிரிப்பார்கள். தாய்க்குப் பாடிய பாட்டில் சபை சிரித்தால் அந்த மனிதர் என்ன ஆவார்? சொல்லாமல் விடுவது இரக்கம் மாதிரித் தெரிந்தாலும், அன்று அது எங்கள் கோழைத்தனமாகத்தான் இருந்தது. ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டு சப்பாத்தைத் தேடினோம்.

சொன்னது எங்கள் கூட்டத்து அக்கா. பொதி கட்டும் பகுதியில் வேலை செய்பவர், அவரும் போட்டிக்குப் பாட்டு வைத்திருந்தவர். எல்லோரும் வெளிக்கிட்ட பிறகு அவரைக் குசினிக்குள் கூப்பிட்டார். பாத்திரம் கழுவ நின்ற இரண்டு பேருக்கு அது கேட்டது.

“தம்பி, எனக்குக் காதிலை விழுந்ததைச் சொல்லட்டே? பிழை எண்டு சொல்லேல்லை.”

“சொல்லுங்கோ அக்கா.”

“உங்கடை கொம்மாவைப் பார்க்க ஏலாமல் போனது எனக்கு விளங்கினது. அதிலை அழுதிட்டன். ஆனா ‘கடைசி’ எண்ட இடத்திலை எனக்குக் ‘கடை’ எண்டுதான் கேட்டது. ஒருக்காப் பாடிப் பாருங்கோ.”

அவர் மெல்லப் பாடினார். நடுவில் நிறுத்தினார். முகம் கறுத்துவிட்டது. ஒன்றும் சொல்லாமல் ஜக்கெட்டை மாட்டிக்கொண்டு பனிக்குள் இறங்கிப் போனார். அக்கா அன்று இரவு முழுக்க நித்திரை கொள்ளவில்லையாம்.

இரண்டு நாள் அவர் ஒருவரோடும் முகம் கொடுத்துக் கதைக்கவில்லை. போன வருடம் போல இன்னொருவரையும் இழந்துவிட்டோம் என்றே நினைத்தோம். மூன்றாம் நாள் வேலை நடந்துகொண்டிருக்கும்போது அக்கா நிற்கும் இடத்துக்கு வந்து, தன் காதுமூடியைத் தூக்கி, அவருடையதையும் தூக்கச் சொல்லி, அந்த இரைச்சலுக்குள் ஒரே வரியைப் பாடிக் காட்டினார்: “அம்மா நீ போகும் முகம் காணேனே”. ‘போ’ நெடில். எவ்வளவு நீட்டினாலும் உடையாது. நீட்ட நீட்ட அந்தப் போக்கு இன்னும் தூரமாகிறது. மெட்டில் ஒரு சுரத்தைக்கூட அவர் மாற்றவில்லை. இந்தச் சொல்லை எங்களில் ஒருவரும் எடுத்துக் கொடுக்கவில்லை. எடுத்துக் கொடுத்திருந்தால் அது எங்கள் பாட்டாகியிருக்கும்.

பொங்கலையொட்டிய சனிக்கிழமை, 13ஆம் திகதி, நகரசபை மண்டபத்தில் விழா. அவர் பாடியபோது முன்வரிசைப் பிள்ளைகள் அசையவில்லை. தமிழ் சரியாக விளங்காத பிள்ளைகளும்தான். புள்ளிகளைக் கூட்டிப் பார்த்ததில் அவருக்கு இரண்டாம் இடம், அக்காவுக்கு மூன்றாம் இடம், வித்தியாசம் ஒரே ஒரு புள்ளி. தன் வாயால் போன புள்ளி என்று அக்காவைப் பகிடி பண்ணினோம். “போகட்டும், பரிசு சோப்புப் பெட்டிதானே” என்றார்.

புதிதாக வந்திருக்கும் குடும்பங்களில் பாட்டுக் கட்டுபவர்கள் இருந்தால் உங்கள் ஊரிலும் இப்படி வைத்துப் பாருங்கள். செலவில்லை. ஏழு பேரும் ஒரு கேத்தலும் போதும்.

படப்பாட்டுச் சாயல் என்று எங்களால் சிரிக்கப்பட்ட அந்தத் தம்பி இந்த முறை போட்டிக்கு வரவில்லை. கடைசி வரிசையில் கதவோரமாக நின்று முழுவதையும் கேட்டார். அந்த மூன்றாம் வரி பற்றிச் சொல்லவேண்டும் என்று இரண்டு பேர் அவரிடம் போனோம். “இப்ப ஏன் அண்ணை அதை?” என்றார். வரியைப் பாடிக் காட்டினோம். ஓரிடத்தில் பிழையாகப் பாடிவிட்டோம் போலிருக்கிறது.

“அப்பிடியில்லை,” என்று அவர் திருத்தினார்.