வண்டியிலேயே படுத்துக்கலாமா?

நாமக்கல்லில் லாரியோடு ஒட்டு உறவில்லாத குடும்பம் குறைவு. என் அண்ணன் டெல்லிக்கும் லூதியானாவுக்கும் லோடு ஓட்டியவர். டிரைவர் சீட்டுக்குப் பின்னால் இருக்கிற பலகையில்தான் வாழ்க்கையின் பாதித் தூக்கத்தைத் தூங்கியிருக்கிறார். நானும் வீட்டுக்காரரும் எங்கள் பழைய எக்ஸ்யுவி 500-ல் ஸ்ரீநகர் வரை போகிறோம், வழியில் முடிந்த மட்டும் வண்டிக்குள்ளேயே படுத்துக்கொள்வோம் என்று சொன்னதும் அவர் ஒன்றே ஒன்றுதான் கேட்டார். "படுக்கிறது இருக்கட்டும் அம்மிணி, வண்டிய எங்க நிறுத்துவீங்க?"

காரில் தூங்குவதைப் பற்றி யாரிடம் பேசினாலும் மெத்தையில்தான் ஆரம்பிப்பார்கள். ரோட்டிலேயே கிடந்தவர்களுக்கு மெத்தை கடைசிக் கேள்வி.

சீட்டைச் சாய்த்துக்கொண்டு தூங்கினால் போதாதா என்றால், அரை மணி நேரத்துக்குப் போதும். ராத்திரி முழுக்கக் காலைத் தொங்கப் போட்டுக்கொண்டு கிடந்தால் கெண்டைக்கால் சதை அசையாமல் பாதத்தில் நீர் தேங்கிவிடும். என் வீட்டுக்காரர் சர்க்கரைக்காரர். அப்படித் தூங்கி எழுந்தால் காலையில் அவருக்குச் செருப்பு நுழையாது. மணிக்கணக்கில் அசையாமல் இருந்தால் கால் ரத்தக்குழாயில் ரத்தம் உறையவும் வாய்ப்புண்டு. ஆகவே உடம்பை நீட்டித்தான் படுக்க வேண்டும்.

எஸ்யுவி என்று பெயர் இருந்தால் மட்டும் அது நடக்காது. நடு வரிசையில் தனித்தனிச் சீட் உள்ள வண்டிகளில் இரண்டுக்கும் நடுவே பள்ளம் இருக்கும். சில வண்டிகளில் மூன்றாம் வரிசை தரையோடு படியாமல் இரு பக்கமும் மடிந்து தொங்கும், அகலம் போய்விடும். எங்கள் வண்டியில் பின்னிரண்டு வரிசையும் மடங்கித் தட்டையாகும். தட்டை என்பது விளம்பரத்தின் பாஷை. சீட்டுகள் சேரும் இடத்தில் ஒரு மேடு, முன்சீட்டுக்குப் பின்னால் கால் வைக்கிற இடத்தில் ஒரு குழி. குழியில் துணிப்பைகளை அடைத்தோம். மேட்டைச் சமாளிக்க, எங்கள் தெரு கார்பெண்டர் 12 மி.மீ. பிளைவுட்டை இரண்டாக அறுத்துக் கீல் போட்டுக் கொடுத்தார். பகலில் மடித்து ஓரமாக நிறுத்திவிடலாம். அதன்மேல் மூன்று மடிப்பு ஃபோம் மெத்தை, நான்கு அங்குலக் கனம்.

காற்றடைத்த மெத்தை எனக்கு ஆகாது. உள்ளே இருக்கும் காற்று சூட்டில் விரியும், குளிரில் சுருங்கும். சாயங்காலம் ஊதிய மெத்தை விடியற்காலையில் தொய்ந்து இடுப்பு பலகையில் முட்டும். ஒருவர் புரண்டால் இன்னொருவர் எழுந்து உட்கார வேண்டியதுதான். இலவம்பஞ்சு மெத்தை சுகம், ஆனால் சுருட்டி வைத்தால் பாதி வண்டியை அடைத்துக்கொள்ளும்.

மெத்தையைவிட மட்டம் முக்கியம். வண்டி ஒரு பக்கமாகச் சரிந்து நின்றால் ராத்திரி முழுக்க ஒருவர்மேல் ஒருவர் உருண்டுகொண்டிருக்க வேண்டும். பாதி நிரம்பிய தண்ணீர் பாட்டிலைப் பிளைவுட்டின்மேல் படுக்க வைத்துப் பார்ப்பேன். உருளாமல் நின்றால் சரி. முன்பின்னாகக் கொஞ்சம் சரிவிருந்தால் பரவாயில்லை, மேடான பக்கம் தலையை வைத்துக்கொள்ளலாம். ஹேண்ட்பிரேக் போட்டாலும் சக்கரத்துக்குக் கட்டை கொடுக்காமல் படுக்கக் கூடாது என்பது அண்ணன் கட்டளை. இரண்டு கட்டைகளை அவரே தன் லாரியிலிருந்து எடுத்துக் கொடுத்தார்.

ஜன்னலுக்கு நான் செய்த ஏற்பாடு செலவில்லாதது. கூரைத் தகட்டுக்கு அடியில் ஒட்டுகிற வெள்ளித்தாள் ஃபோம் ஷீட்டை வாங்கி, ஒவ்வொரு கண்ணாடிக்கும் செய்தித்தாளில் அளவெடுத்து, அரை விரற்கடை கூடுதலாக விட்டு வெட்டினேன். அழுத்தினால் அப்படியே பொருந்தி நிற்கும். பார்வையும் மறையும், டோல்கேட் விளக்கும் கண்ணைக் குத்தாது. இது நின்ற வண்டிக்கு மட்டும். கண்ணாடியில் கறுப்பு ஃபிலிம் ஒட்டுவதை உச்ச நீதிமன்றம் 2012-ல் தடுத்தது. முன், பின் கண்ணாடியில் 70 சதவீதமும் பக்கக் கண்ணாடியில் 50 சதவீதமும் வெளிச்சம் ஊடுருவ வேண்டும் என்பது விதி. கிளம்பும் முன் எல்லா ஷீட்டையும் கழற்றிவிட வேண்டும். இரண்டு கதவுகளுக்குக் கொசுவலைத் துணியில் தலையணை உறை மாதிரி தைத்து, கதவுச் சட்டத்தோடு மேலிருந்து மாட்டினோம். கண்ணாடியை இரண்டு விரல் இறக்கினாலும் கொசு வராது.

அந்த இரண்டு விரல் இடைவெளி கட்டாயம். இரண்டு பேர் ராத்திரி முழுக்க விடுகிற மூச்சில் ஒரு டம்ளர் தண்ணீராவது ஆவியாகக் கலக்கும். கண்ணாடி எல்லாம் மூடியிருந்தால் அது உள்பக்கம் வழிந்து மெத்தையை நனைக்கும், காலையில் தலை கனக்கும். ஒரே பக்கம் இரண்டு ஜன்னலைத் திறப்பதைவிட, முன்னால் இடது, பின்னால் வலது என்று குறுக்காகத் திறந்தால் காற்று ஓடும்.

இஞ்சினை ஓடவிட்டு ஏசியில் தூங்கலாமா? இதைத்தான் எல்லோரும் கேட்கிறார்கள். கூடாது. வண்டி ஓடும்போது புகை பின்னால் போய்விடும். நிற்கும் வண்டியில் அடியிலேயே தேங்கிக் கிடக்கும். சைலன்சரில் சின்ன ஓட்டை, பின்கதவு ரப்பரில் ஒரு கிழிசல், பின்னால் ஒட்டினாற்போல் ஒரு சுவர், இதில் ஏதாவது ஒன்று போதும். கார்பன் மோனாக்சைடுக்கு நிறமோ வாசனையோ கிடையாது. ரத்தத்தில் இருக்கும் ஹீமோகுளோபின் ஆக்சிஜனைவிட 200 மடங்குக்கு மேல் இறுக்கமாக அதைப் பிடித்துக்கொள்ளும். விழித்திருப்பவருக்குத் தலைவலி, குமட்டல் என்று எச்சரிக்கை கிடைக்கும்; தூங்குகிறவருக்கு அதுவும் கிடையாது. 2024 டிசம்பரில் கேரளத்தின் வடகரையில் சாலையோரம் நின்ற ஒரு கேரவனுக்குள் இரண்டு பேர் இறந்துகிடந்தார்கள். ஜெனரேட்டரிலிருந்து உள்ளே வந்த இந்த வாயுதான் காரணம் என்று விசாரணையில் தெரிந்தது. உங்கள் இஞ்சின் அணைந்திருந்தாலும் பக்கத்தில் இஞ்சின் ஓடும் லாரியோ தாபாவின் ஜெனரேட்டரோ இருந்தால் தள்ளிப் போய் நிறுத்துங்கள். காஷ்மீரில் குளிருக்கு காங்ரி என்ற கரி நெருப்புச் சட்டியைக் கையோடு வைத்திருப்பார்கள். அன்பாகக் கொடுத்தாலும் அதை வண்டிக்குள் கொண்டுபோகாதீர்கள்.

இனி அண்ணன் கேட்ட கேள்வி. தேசிய நெடுஞ்சாலை 44 கன்னியாகுமரியில் தொடங்கி எங்கள் நாமக்கல் வழியாகவே ஸ்ரீநகர் போகிறது. அதன் ஓரத்தில், மண் தரையில், மரத்தடியில் நிறுத்தித் தூங்கலாம் என்று தோன்றும். தோன்றட்டும், செய்யாதீர்கள். குளிர்காலத்தில் டெல்லிக்கு மேலே பனிமூட்டம் இறங்கினால் பத்தடி தூரம் தெரியாது. ஓரமாக நிற்கிற வண்டியின்மேல்தான் லாரி ஏறும். நாக்பூருக்கும் சிவனிக்கும் நடுவே பெஞ்ச் புலிக் காப்பகத்தை ஒட்டிப் போகிற இடத்தில், விலங்குகள் அடியில் கடந்துபோகச் சாலையையே தூண்கள்மேல் தூக்கிக் கட்டியிருக்கிறார்கள். அங்கே நிறுத்த நினைக்கவே கூடாது. ஜம்முவுக்கு அப்பால் ராம்பன் பக்கம் மலை சரிந்துகொண்டே இருக்கும். அந்தப் பகுதியில் நாங்கள் அறை எடுத்துக்கொண்டோம்.

எனக்குப் பிடித்த இடம் பெரிய பெட்ரோல் பங்க். பெண்களுக்குக் கழிப்பறை, தண்ணீர், விடிய விடிய விளக்கு, ஆள் நடமாட்டம் எல்லாம் உண்டு. டேங்க்கை நிரப்பிவிட்டு, "பையா, ராத்திரி இங்கே நிறுத்திக்கொள்ளலாமா?" என்று எனக்குத் தெரிந்த இந்தியில் கேட்பேன். மறுத்தவர்கள் குறைவு. டேங்கர் வந்து எண்ணெய் இறக்கும் இடத்தை மட்டும் கேட்டுத் தெரிந்துகொண்டு ஒதுங்கிவிட வேண்டும். குடும்பங்கள் சாப்பிடுகிற தாபாவும் நல்லதுதான், ராத்திரிச் சாப்பாடு அங்கேயே என்றால் கட்டில்கூடப் போட்டுத் தருவார்கள். ஒரு தாபாவில் மட்டும் நள்ளிரவுக்குமேல் யாரோ வண்டியைச் சுற்றிச் சுற்றி வந்தார். வீட்டுக்காரர் படுக்கையிலிருந்தே டிரைவர் சீட்டுக்கு நகர்ந்து, கதவைத் திறக்காமலே வண்டியை எடுத்தார். அதனால்தான் டிரைவர் சீட்டில் எந்தப் பையையும் வைக்கக் கூடாது. சாவிக்கு ஒரே இடம் என்று முடிவு பண்ணிவிட வேண்டும்.

வெயில் காலத்தில் இதெல்லாம் வேண்டாம். மே மாதம் நாக்பூர் 45 டிகிரியைத் தொடும். ராத்திரியும் சூடு இறங்காது. தூக்கம் வர உடம்பின் சூடு கொஞ்சம் தணிய வேண்டும், அந்தத் தகரப் பெட்டிக்குள் அது நடக்காது. சின்ன ஃபேனைப் பவர் பேங்க்கில் ஓட்டலாம், கார் பேட்டரியில் வேண்டாம். இல்லாவிட்டால் காலையில் வண்டியைத் தள்ள ஆள் தேட வேண்டும். தக்காணத்தைக் கடக்க நவம்பர் முதல் பிப்ரவரி வரை சரியான காலம்.

ஒருவர் ஓட்ட, இன்னொருவர் பின்னால் இந்தப் படுக்கையில் தூங்கிக்கொண்டு வருவது பலருக்கும் வழக்கம். பெல்ட் இல்லாமல் படுத்திருப்பவர் ஒரு திடீர் பிரேக்கில் முன் கண்ணாடி வரை வந்துவிடுவார். படுக்கை, நின்ற வண்டிக்கு மட்டுமே. பகலில் கண் சொக்கினால் பாதுகாப்பான இடத்தில் நிறுத்தி, ஒரு காபி குடித்துவிட்டு இருபது நிமிடம் சீட்டிலேயே கண்ணை மூடுங்கள். காபி வேலை செய்யத் தொடங்கும் நேரமும் நீங்கள் எழும் நேரமும் ஏறக்குறைய ஒன்றாக இருக்கும்.

தேசிய நெடுஞ்சாலைகளில் எந்த உதவிக்கும் 1033 என்ற எண்ணைக் கூப்பிடலாம். கிளம்புவதற்கு முன்பே இரண்டு பேரின் போனிலும் பதிந்து வையுங்கள். ராத்திரி வண்டியை நிறுத்தியதும் பக்கத்துக் கிலோமீட்டர் கல்லில் இருக்கிற எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள்; உதவிக்கு வருகிறவர்கள் முதலில் அதைத்தான் கேட்பார்கள்.