தராசில் நிறுத்துச் செய்யும் தோட்டா!

கடையில் ஊறுகாய் கிடைக்கிறது. ஆனாலும் சொந்தக் கைப்பக்குவத்தில் போட்டால்தான் பல வீடுகளில் திருப்தி. அமெரிக்க வேட்டைக்காரர்கள் பலருக்குத் தோட்டா விஷயத்திலும் இதே எண்ணம்தான்! கடையில் விதவிதமாக விற்றாலும், வீட்டில் மேசை போட்டு உட்கார்ந்து, தங்கள் தோட்டாவைத் தாங்களே தயாரிக்கிறார்கள். அந்நாட்டுச் சட்டம் அதற்கு இடம் கொடுக்கிறது.

பணம் மிச்சமாகும் என்பது ஒரு காரணம். அதைவிடப் பெரிய காரணம், குறி தவறக் கூடாது என்பது!

குண்டு படவேண்டிய இடத்தில் பட்டால், மான் சட்டென்று உயிர் விடும். நாலு விரற்கடை தள்ளிப் பட்டாலோ, ரத்தம் சொட்டச் சொட்ட ஓடும். எங்கோ ஒரு புதரில் கிடந்து துடித்துச் சாகும். அப்படி நேர்ந்தால் நல்ல வேட்டைக்காரன் அதைத் தனக்கு அவமானமாக நினைப்பான்.

நான்கு பொருள்கள்

ஒரு தோட்டாவில் நான்கு பொருள்கள் உண்டு. பித்தளைக் கூடு, அதன் அடியில், தட்டினால் தீப்பொறி தரும் கேப், உள்ளே மருந்து, வாயில் குண்டு. சுட்டதும் மருந்து எரிந்து போகிறது. குண்டு பறந்து போகிறது. கூடு மிஞ்சுகிறது. அதைத் துடைத்து, பழைய அளவுக்கு அழுத்திச் சரிசெய்து, புதுக் கேப் பொருத்தி, மறுபடியும் நிரப்புகிறார்கள்.

மருந்தின் எடையைக் 'கிரெயின்' கணக்கில் சொல்வார்கள். நம் பொற்கொல்லர்கள் தங்கம் நிறுத்த குன்றிமணி இருக்கிறதே, அது ஏறக்குறைய 2 கிரெயின் எடை. ஒரு ராத்தலுக்கு 7,000 கிரெயின்! அந்தக் கிரெயினிலும் பத்தில் ஒரு பங்குவரை தராசில் பார்த்து நிறுக்கிறார்கள்.

மருந்து கூடினால் ஆபத்து. துப்பாக்கியே வெடித்து, சுடுகிறவனின் கண்ணைப் பறித்துவிடலாம். ஆகவே, அச்சிட்ட அட்டவணையைப் பார்த்து, குறைந்த அளவில்தான் தொடங்குவார்கள்.

துப்பாக்கியின் குணம்

ஒரே தொழிற்சாலையில் செய்த இரண்டு துப்பாக்கிகளுக்கும் ஒரே தோட்டா ஒத்துப்போகும் என்று சொல்ல முடியாது. அதனால் மருந்தின் அளவைச் சிறிது சிறிதாக மாற்றி, ஒவ்வோர் அளவிலும் சில தோட்டாக்கள் செய்து, 100 கஜ தூரத்தில் காகிதத்தைக் குறிவைத்துச் சுட்டுப் பார்க்கிறார்கள். துளைகள் சிதறினால் அந்த அளவு வேண்டாம். ஓர் அங்குலத்துக்குள் நெருங்கி விழுந்தால், அதுவே ஏற்ற அளவு. பிறகு செய்யும் ஒவ்வொரு தோட்டாவும் அச்சில் வார்த்ததுபோல் ஒன்றாக இருக்கவேண்டும். குறியின் ரகசியம் அதுதான்!

டாக்டரின் சோதனை

மாசசூசெட்ஸ் மாநிலத்தில் பிராங்க்ளின் மேன் என்று ஒரு டாக்டர் இருந்தார். குண்டு ஏன் வழி விலகுகிறது என்று பல ஆண்டுகள் ஆராய்ந்தார். குண்டு போகும் வழி நெடுகக் காகிதங்களை நிறுத்திவைத்துச் சுட்டார். வேண்டுமென்றே குண்டுகளைச் சிதைத்தும் சுட்டார். மூக்கு சிதைந்த குண்டு அதிகம் விலகவில்லை. அடிப்பாகம் சிதைந்த குண்டோ வெகுவாக விலகியது! இந்த முடிவுகளை அவர் 1909-ல் நூலாக வெளியிட்டார்.

கழுகைக் கொன்ற ஈயம்

குறி தவறாமல் சுட்டாலும் இன்னொரு தீங்கு உண்டு. ஈயக் குண்டு மானின் உடலில் துகள் துகளாகச் சிதறுகிறது. வேட்டைக்காரர்கள் விட்டுச் செல்லும் குடலைத் தின்ற காண்டார் கழுகுகள், ஈய விஷத்தால் மாண்டன. 1982-ல் கலிபோர்னியக் காண்டார்கள் உலகிலேயே 22-தான் மிஞ்சியிருந்தன! 2019 ஜூலை முதல் கலிபோர்னியாவில் வேட்டைக்கு ஈயக் குண்டு கூடாது. அங்கே செம்புக் குண்டு வைத்து, பழையபடி அளவு பார்க்கத் தொடங்கினார்கள்.

நம் நாட்டில் 1972-ம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் மான் வேட்டையைத் தடை செய்கிறது. உரிமம் இல்லாமல் தோட்டா செய்வதும் இங்கே குற்றம். வேட்டைக்கு அனுமதி உள்ள நாடுகளிலோ, துப்பாக்கி எடுப்பவனுக்கு ஒரு கடமை இருக்கிறது. உயிரை எடுக்கலாம்; வதைக்கக் கூடாது. தராசின் முன் அவன் அத்தனை பொறுமையாக உட்கார்ந்திருப்பது அதற்காகத்தான்!